பனியூரில் முதல் கார்: ஒன்டாரியோவில் பழைய சுபாரு லெகஸி வாங்குகிறவர்களுக்கு

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பழைய கார் வாங்கக் கிளம்பி 500 டாலர் முன்பணத்தைத் தொலைத்தவன் நான். யாரும் என்னை ஏமாற்றவில்லை. எதை எதற்கு முன்னால் செய்யவேண்டும் என்று தெரியாமல் போனதுதான் காரணம். முதலில் காரைப் பார்த்தேன், பிடித்துப்போனது, பணத்தைக் கொடுத்தேன், அதற்கப்புறம்தான் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று விசாரித்தேன். அவர்கள் சொன்ன மாதத் தொகை கார் தவணையைவிட அதிகம். முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருந்த தாளில் என் கையெழுத்தே இருந்தது.

நாலு மாதம் கழித்து, இந்தத் தடவை வரிசை மாறாமல் செய்து, 2019 லெகஸி ஒன்றை வாங்கினேன். ஓடியது 1,10,000 கி.மீ., விலை 19,500 டாலர். இன்றைக்கு வரை ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூரிலிருந்து புதிதாக வருகிற நண்பர்கள் வாராவாரம் இதே கேள்விகளைக் கேட்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

லெகஸி ஏன் என்று ஒரு பத்தி மட்டும். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கிற ஏ.டபிள்யூ.டி. எல்லா டிரிம்மிலும் (ஒரே மாடலின் வசதிப் படிகள்) உண்டு. குடும்பத்தோடு போக இடம் தாராளம். எஸ்.யூ.வி. மோகத்தால் செடானைக் கேட்பவர்கள் குறைவு, அதனால் பழைய கார் விலை நியாயமாக இருக்கும். 2025 மாடலோடு சுபாரு இதை நிறுத்திவிட்டது, ஆகவே இனி எல்லாமே பழைய கார் சந்தைதான். இதே ரகத்தில் கனடாவில் நிஸான் ஆல்டிமா 2019-இலிருந்து ஏ.டபிள்யூ.டி.யோடுதான் வந்தது. டொயோட்டா கேம்ரியில் 2020-இலிருந்து சில டிரிம்களில் கிடைக்கும். கீழே நான் சொல்லும் காகித வேலை அந்தக் கார்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. காரைப் பார்க்கும் முன் லைசென்ஸும் இன்சூரன்ஸும்

இந்திய லைசென்ஸை வைத்து ஒன்டாரியோவில் 60 நாள்தான் ஓட்டலாம். அதன்பின் ஜி1 எழுத்துத் தேர்வு, ஜி2 சாலைத் தேர்வு, கடைசியில் முழு லைசென்ஸான ஜி என்று படிப்படியாகப் போகவேண்டும். முதல் இரண்டு தேர்வையும் ஐந்து வருட லைசென்ஸையும் சேர்த்துச் சுமார் 160 டாலர். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் லைசென்ஸ் எந்த ஆண்டிலிருந்து செல்லுபடியாகிறது என்று ஒரு சான்று வாங்கிவிடுங்கள். இரண்டு வருட அனுபவத்தை அதிகாரபூர்வக் கடிதத்தோடு காட்டினால் ஜி சாலைத் தேர்வுக்கே நேராகப் போகலாம். நான் வாங்காமல் வந்துவிட்டு, மதுரையில் அப்பாவை மூன்று தடவை அலையவிட்டேன்.

இன்சூரன்ஸ் தொகையை லைசென்ஸ் வகை, நீங்கள் குடியிருக்கும் தபால் குறியீடு, கார் மாடல் இந்த மூன்றும் பெரிய அளவில் பாதிக்கின்றன. ஜி1-ஐ வைத்துத் தனியாக ஓட்டவே முடியாது. ஜி2-வுக்குத் தொகை கூடுதல், ஜி வந்ததும் குறையும். கார் பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் காரின் 17 எழுத்து-எண் கொண்ட வின் என்ற அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஒரே காருக்கு வருடத்துக்கு ஆயிரம் டாலர் வித்தியாசம் வருவதை என் கண்ணால் பார்த்தேன்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. தொகை குறையும் என்று வேறு ஊரிலிருக்கும் நண்பரின் முகவரியைக் கொடுக்காதீர்கள். விபத்து என்று வரும்போது அது பொய்த் தகவலாகிவிடும். 2024 ஜனவரியிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தவறு எதிராளி மேல் இருந்தாலும் உங்கள் கார் சேதத்துக்கு உங்கள் நிறுவனமே பணம் தரும் பகுதி ஒன்று உண்டு. அதை வேண்டாம் என்று கழித்துக்கொள்ள இப்போது அனுமதி இருக்கிறது. மாதம் சில டாலர் மிச்சமாகும் என்று சொன்னாலும் கழிக்காதீர்கள்.

சட்டப்படி மூன்றாம் நபர் பொறுப்புக்குக் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர் போதும். ஆனால் இங்கே பெரும்பாலோர் 10 லட்சம் அல்லது 20 லட்சத்துக்குத்தான் எடுக்கிறார்கள். நீங்களும் அப்படியே எடுங்கள்.

2. எஞ்சின்: பெரும்பாலோருக்கு 2.5 போதும்

2015 முதல் 2019 வரை வந்த தலைமுறையில் இரண்டு எஞ்சின்கள். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் 175 குதிரைத்திறன், 3.6 லிட்டர் ஆறு சிலிண்டர் 256. 2020 முதல் 2025 வரை 2.5 லிட்டர் 182, 2.4 லிட்டர் டர்போ 260. எல்லாமே சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் பாக்ஸர் எஞ்சின். சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும், டர்போவுக்கும் அதுவே.

2.5-ஐ ஓட்டிப் பார்த்துவிட்டு "இழுக்கவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலை 401-இல் சேரும் சரிவில் காலை நன்றாக அழுத்தவேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் 2020-க்குப் பின் வந்த 2.5 நகரத்துக்குள் நூறு கி.மீ.க்குச் சுமார் 9 லிட்டர், நெடுஞ்சாலையில் 7-க்குள். டர்போ நகரத்தில் 10 லிட்டர் பக்கம் போகும். இதற்கு மேல் டர்போவுக்கு இன்சூரன்ஸும் பொதுவாகக் கூடும். ஜி2 லைசென்ஸோடு முதல் கார் வாங்குகிறவர் டர்போ பக்கமே போகவேண்டாம் என்பது என் கருத்து. 3.6 நல்ல எஞ்சின், மிருதுவானது. ஆனால் பெட்ரோல் குடிக்கும்.

விலை மலிவாகத் தெரியும் 2010–2012 கார்கள் தனி ரகம். அவற்றின் 2.5 எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட்தான். சுமார் 1,68,000 கி.மீ.யில் மாற்றவேண்டும். மாற்றிய ரசீது இல்லாத கார் என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில். அந்த வயது எஞ்சின்களில் பாகங்களுக்கு நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் கசிவும் பேர்போனது. 2013-இல் செயின் எஞ்சின் வந்தது, ஆனால் அந்தச் சமயத்துச் சில கார்கள் ஆயில் குடித்தன. பட்ஜெட் இடம் கொடுத்தால் 2016-க்கு முந்தையதை விட்டுவிடுங்கள்.

3. டிரிம்: "டூரிங்" என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

யூடியூபில் வரும் விமர்சனங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள் போடுவது. அங்கே டூரிங் என்றால் உச்சிப் படி, தோல் இருக்கை, டர்போ எல்லாம் உண்டு. கனடாவில் டூரிங் என்பது அடிப்படைக்கு அடுத்த நடுப்படி. இது தெரியாமல் "டூரிங் இவ்வளவு மலிவா!" என்று சந்தோஷப்பட்டுத்தான் அந்த 500 டாலர் முன்பணத்தை அவசரமாகக் கொடுத்தேன்.

கனடாவில் 2020-க்குப் பின் கன்வீனியன்ஸ், டூரிங், லிமிடெட் என்று மேலே போகும். பெயரின் கடைசியில் ஜி.டி. என்று இருந்தால் டர்போ. அமெரிக்காவில் அதே இடத்தில் எக்ஸ்.டி. என்று எழுதுவார்கள். ஸ்போர்ட் என்ற அமெரிக்க டிரிம் இன்னும் குழப்பம். 2022 வரை அதற்குள் 2.5 இருந்தது, 2023-இலிருந்து டர்போ. எல்லை தாண்டி வந்த காராக இருந்தால் ஓடோமீட்டர் மைலில் இருக்கும். 80,000 என்று பார்த்து ஏமாறாதீர்கள், அது ஏறக்குறைய 1,29,000 கி.மீ.

உண்மையில் கவனிக்கவேண்டிய வசதி ஒன்றுதான், ஐசைட். முன்னால் வண்டி நின்றால் தானே பிரேக் போடும் ஏற்பாடு. 2020-இலிருந்து எல்லா லெகஸியிலும் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறையில் சிலவற்றில் மட்டும். விளம்பரத்தை நம்பவேண்டாம், உள்ளே உட்கார்ந்து பின்பார்வைக் கண்ணாடிக்கு இரு பக்கமும் பாருங்கள். முன்கண்ணாடியை ஒட்டி இரண்டு கேமரா லென்ஸ்கள் உங்களைத் தாண்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஐசைட் இருக்கிறது. இருந்தால் ஒரு செலவும் கூடவே வரும். இங்கே லாரிகள் தெறிக்கவிடும் கல்லில் முன்கண்ணாடி விரிசல் விடுவது சகஜம். கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுபடுத்தவேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். விரிசல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

தோல் இருக்கை, பெரிய ஸ்பீக்கர், சன்ரூஃப் எல்லாம் உங்கள் விருப்பம். இருக்கைச் சூடு மட்டும் வேண்டும். ஜனவரியில் காலை ஆறு மணிக்கு உட்காரும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

4. நேரில் பார்க்கும் நாள்

போகும் முன் விற்பவரிடம் "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யவேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலை பானெட் மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, ஆனால் குளிர்ந்த எஞ்சின் போடும் சத்தத்தை நீங்கள் கேட்க முடியாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் குச்சியை இழுத்து அளவு பாருங்கள்.

அப்புறம் டயர். ஏ.டபிள்யூ.டி. காரில் இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. நாலு சக்கரமும் ஒன்றோடொன்று இணைந்து சுழல்வதால் நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்று இருக்கவேண்டும். சுற்றளவில் 6.4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. இதைத் தேய்மானத்தில் சொன்னால் வெறும் 1 மி.மீ. அதற்கு மேல் போனால் முன் பின் அச்சுகளுக்கு நடுவே இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துபோகும்.

பத்து டாலருக்குள் கிடைக்கும் டயர் ஆழக் கருவி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த இரண்டாவது கார் பளபளவென்று இருந்தது. குந்தி உட்கார்ந்து நாலு டயரையும் அளந்தேன். மூன்றில் ஐந்து மி.மீ., பின்பக்கம் இடது டயரில் மட்டும் எட்டு. அந்த ஒன்று மட்டும் புதுசு. பஞ்சர் ஆகியிருக்கும், ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். காலி பார்க்கிங் இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்து மெதுவாக வட்டமடித்தபோது பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்து விடுவதுபோலத் திக்கித் திக்கிப் போனது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்த வட்டமடிக்கும் சோதனையை எந்தக் காரிலும் விடாதீர்கள்.

டயர் அளவு 17 அங்குலச் சக்கரத்துக்கு 225/55, 18 அங்குலத்துக்கு 225/50. மேல் டிரிம்களில் வரும் 18-க்கு டயர் விலை கூடுதல். டிரிம் ஆசையில் இதையும் கணக்கில் வையுங்கள்.

கியர்பாக்ஸ் சிவிடி, அதாவது படிப்படியாக மாறாத தானியங்கி கியர். சிக்னலில் நின்று கிளம்பும்போது நடுக்கம், டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றினால் ஒரு விநாடி யோசிப்பது, இவை இரண்டும் கெட்ட அறிகுறி. 2010-களில் வந்த பல லெகஸிகளுக்கு அமெரிக்காவில் சிவிடி உத்தரவாதத்தை நிறுவனமே 10 வருடம் அல்லது 1,00,000 மைல்வரை நீட்டித்தது என்றால், பிரச்சினை கற்பனை இல்லை என்று புரியும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாகக் கீழே குனிந்து பார்ப்பது. இங்கே பனிக்காகச் சாலையில் உப்புக் கொட்டுவதால் இரும்பு அரிக்கும். பின்சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, கீழே பிரேக் குழாய்கள். துருவை விரலால் தொட்டால் தூளாக உதிர்வது பரவாயில்லை, தகடே ஓட்டை விட்டிருந்தால் வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் 100–200 டாலர் கொடுத்துக் காட்டிவிடுங்கள். மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

5. காகிதங்கள்

தனியாரிடம் வாங்கினால் யு.வி.ஐ.பி. என்ற பழைய வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் தந்தாகவேண்டும். அரசுச் சேவை மையமான சர்வீஸ் ஒன்டாரியோவில் 20 டாலர். அதில் ஒன்டாரியோவில் அந்தக் காருக்கு யார் யார் உரிமையாளராக இருந்தார்கள், கடன் பாக்கி உண்டா, வரிக்கான சந்தை மதிப்பு என்ன என்பவை இருக்கும். விற்பவரின் பெயர், அவர் அடையாள அட்டையில் இருக்கும் பெயர், தொகுப்பில் இருக்கும் கடைசி உரிமையாளர் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். "என் மச்சான் கார், நான்தான் விற்றுத் தருகிறேன்" என்றால் மச்சானைக் கூட்டிவரச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கடன் பாக்கி இருந்தால், அது தீர்ந்த சான்று வரும்வரை ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். காரை வாங்குகிறவர் தலையில் அது விழும்.

தொகுப்பு ஒன்டாரியோ வரலாற்றை மட்டும்தான் சொல்லும். வேறு மாகாணத்தில் ஓடியதா, விபத்துக்கு எவ்வளவு கிளெய்ம் போனது என்பதற்குக் கார்ஃபேக்ஸ் அறிக்கை வேண்டும். பிராண்ட் என்ற இடத்தில் சால்வேஜ் (பெரிய சேதத்தால் கழிக்கப்பட்டது) அல்லது ரீபில்ட் (அப்படிக் கழித்ததைத் திரும்பச் சரிசெய்தது) என்று இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் முதல் காராக வேண்டாம், இன்சூரன்ஸ் கிடைப்பதே பாடு. வின் எண்ணைத் தொகுப்பிலும், முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும், ஓட்டுநர் கதவுத் தூணிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அதே எண்ணை வைத்து ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ரீகால் வேலை டீலரிடம் இலவசம்.

சேஃப்டி சான்றிதழ் தனிக் கதை. சோதனை நாளிலிருந்து 36 நாள் செல்லும். இது இல்லாமல் கார் உங்கள் பெயருக்கு மாறலாம், ஆனால் நம்பர் பிளேட் போட்டு ஓட்ட முடியாது. அந்த நாளில் பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் குறைந்தபட்சத் தரத்தில் இருக்கின்றன என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. எஞ்சினும் சிவிடியும் நன்றாக இருக்கின்றன என்று பொருளில்லை. நான் மெக்கானிக்கைத் தனியாகப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

டீலரிடம் வாங்கினால் யு.வி.ஐ.பி. தேவையில்லை. ஆனால் அந்த டீலர், மாகாணத்தின் கார் டீலர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஓம்விக்கில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். விளம்பர விலையில் வரியும் பதிவுக் கட்டணமும் தவிர மற்றதெல்லாம் அடங்கியிருக்கவேண்டும் என்பது விதி. "ஆஸ் இஸ்" என்று எழுதியிருந்தால் சாலைக்குத் தகுதி என்று அவர் சொல்லவில்லை என்று பொருள். கையெழுத்துப் போட்டபின் மனசு மாறினால் திருப்பிக் கொடுக்க அவகாசம் கிடையாது. மூன்று நாளில் திருப்பலாம் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

6. பணம் எவ்வளவு, எப்படி

வரி 13 சதவீதம். டீலர் பில்லிலேயே சேர்ப்பார். தனியார் விற்பனையில் பெயர் மாற்றும்போது நீங்கள் கட்டவேண்டும். அதுவும் நீங்கள் கொடுத்த விலை, ரெட் புக் என்ற பழைய கார் விலைப் பட்டியலின் மொத்த விற்பனை மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன்மேல். "ரசீதில் குறைத்து எழுதிக்கொள்ளலாம்" என்று ஒரு விற்பவர் எனக்கு உபகாரம் செய்யப் பார்த்தார். அது சட்டவிரோதம். பெரிதாக மிச்சமும் ஆகாது.

என் கணக்கு இது: கார் 19,500, வரி 2,535, பெர்மிட்டும் (வாகனப் பதிவுத் தாள்) பிளேட்டும் சேர்த்து 59, மெக்கானிக் 140. இதோடு பனி டயரும் முதல் மாத இன்சூரன்ஸும் சேர்ந்தபோது 24,000-ஐத் தொட்டது. அதாவது விளம்பரத்தில் பார்க்கும் விலைக்குமேல் கால் பங்காவது கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

விற்பவருக்குப் பேங்க் டிராஃப்ட் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. அவரையும் உங்கள் வங்கிக்கே வரச் சொல்லலாம், போலி என்ற பயம் அவருக்கும் இருக்கும். முன்பணம் கொடுத்தால் "மெக்கானிக் சோதனையிலும் இன்சூரன்ஸிலும் திருப்தி இல்லையென்றால் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாமல்தான் நான் இழந்தேன்.

7. பெயர் மாற்றும் நாள்

விற்ற நாளிலிருந்து ஆறு நாளுக்குள் மாற்றவேண்டும். ஆனால் காத்திருக்காதீர்கள். விற்பவரைச் சர்வீஸ் ஒன்டாரியோ வாசலிலேயே சந்திப்பதுதான் சுலபம். இங்கே நம்பர் பிளேட் காரோடு வராது, ஆளோடு போகும். விற்பவர் தன் பிளேட்டைக் கழற்றிக்கொள்வார். பெர்மிட் தாளில் வாகனப் பகுதி, பிளேட் பகுதி என்று இரண்டு உண்டு. வாகனப் பகுதியின் பின்னால் மாற்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அதை உங்களிடம் தருவார், பிளேட் பகுதியை வைத்துக்கொள்வார்.

உங்கள் கையில் இருக்கவேண்டியவை: ஒன்டாரியோ லைசென்ஸ், கையெழுத்தான வாகனப் பகுதி, விற்பனை ரசீதோடு யு.வி.ஐ.பி., சேஃப்டி சான்றிதழ், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும், ஓடோமீட்டர் அளவு. காலையிலேயே இன்சூரன்ஸுக்குப் போன் செய்து அன்றைய தேதியிலிருந்து அமலாக்கச் சொல்லிவிடுங்கள்.

நான் எல்லாம் எடுத்துப்போயும் கவுண்ட்டரில் டெபிட் கார்டு மறுக்கப்பட்டது. வரி 2,535, என் அட்டையின் தினசரி வரம்பு 2,000. பின்னால் வரிசை, வெளியே விற்பவர், நான் போனில் வங்கியோடு. முந்தின நாளே வரம்பை உயர்த்தி வைத்துவிடுங்கள்.

8. பனி டயர்

ஏ.டபிள்யூ.டி. கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் போட்டால் எந்தக் காருக்கும் டயர் பிடிப்புத்தான் கதி. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். ஒன்டாரியோவில் பனி டயர் கட்டாயமில்லை. ஆனால் போட்டிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாகவேண்டும், நீங்களாகக் கேட்கவேண்டும். நாலையும் சேர்த்து வாங்குங்கள், இரண்டு மட்டும் என்ற பேச்சே இந்தக் காரில் கிடையாது. தனி ரிம்மோடு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், ஆனால் வருடம் இரண்டு தடவை மாற்றும் கூலி குறையும். 18 அங்குலக் கார் என்றாலும், பனிக்காலத்துக்கு 17 அங்குல ரிம் பொருந்துமா என்று கடையில் கேளுங்கள், விலை இறங்கும். அக்டோபர் நடுவிலேயே தேதி வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் நான் போன் செய்தபோது மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள், அந்த மூன்று வாரமும் பஸ்ஸில்தான் போனேன்.